முகவரியில் வினாக்குறிக்குப் பின்னால்

புளியந்தோப்பு நெடுஞ்சாலையில் தேநீர்க் கடையாயினும், மளிகைக் கடையாயினும், நடைபாதையில் பூ விற்கும் அம்மாளின் கூடையாயினும், பணம் வாங்கும் இடத்தருகே கறுப்பும் வெள்ளையுமான சிறு கட்டங்கள் நிறைந்த ஓர் அட்டை இருப்பதை அங்கத்தினர்கள் நாள்தோறும் காண்கிறார்கள். கைப்பேசியை அதன்முன் பிடிக்கிறோம். கடையின் பெயர் திரையில் தோன்றுகிறது. தொகையைக் குறித்து, இரகசிய எண்ணை இட்டுப் பணம் அனுப்புகிறோம். இவ்வளவும் நடந்தேறிய பிறகும், அந்த அட்டைக்குள் இருப்பது யாது என்று கேட்டால் நம்மில் பலர் விடை கூறத் தயங்குவோம்.

அதில் பணமும் இல்லை, கடைக்காரருடைய கணக்கும் இல்லை. ஒரே ஒரு வரி எழுத்துத்தான் இருக்கிறது. அந்தக் கட்டப் படத்தை 1994-ஆம் ஆண்டில் ஜப்பானிய நிறுவனமாகிய டென்ஸோ, மோட்டார் வாகன உதிரிப் பாகங்களைக் கணக்கெடுக்கும் பொருட்டு உண்டாக்கியது. நமது நாட்டில் 2016-இல் யுபிஐ என்னும் பணமாற்று முறை தொடங்கப்பட்ட பின்னர், அது கடைதோறும் வந்து சேர்ந்தது. கட்டங்களைக் கைப்பேசி எழுத்தாக மாற்றும்போது கிடைக்கும் வரியைத் தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்துக் காட்டினால், ஏறக்குறைய இவ்வாறு இருக்கும்:

யுபிஐ://பே?பிஏ=கடையின் பண முகவரி&பிஎன்=கடையின் பெயர்&ஏஎம்=தொகை&சியு=ஐஎன்ஆர்

"பே" என்றால் பணம் செலுத்துக என்று பொருள். அதற்கடுத்து ஒரு வினாக்குறி நிற்கிறது. வினாக்குறிக்குப் பின்னால் வருபவையெல்லாம் இரண்டிரண்டாகச் சேர்ந்த குறிப்புகள்: ஒரு தலைப்பு, சமக்குறி, அத்தலைப்புக்கு உரிய விவரம். ஒரு குறிப்புக்கும் அடுத்த குறிப்புக்கும் இடையே "&" என்னும் உம்மைக்குறி நின்று அவற்றைப் பிரிக்கிறது. பிஏ என்பது பணம் பெறுவோரின் முகவரி. பிஎன் என்பது பெறுவோரின் பெயர். ஏஎம் என்பது தொகை. சியு என்பது நாணயம். கடையில் நிலையாக ஒட்டிய அட்டையில் தொகை இராது. ஆகையால் அதை நாமே எழுதுகிறோம். பெரிய கடைகளில் ஒவ்வொரு பில்லுக்கும் புதிதாகத் தோன்றும் கட்டப் படத்தில் தொகையும் சேர்ந்தே இருக்கும்.

நெசவாளர் சங்கத்து அங்கத்தினர்களுக்கு இது புதிய செய்தி அன்று. நூல் வாங்கச் செல்லும் நெசவாளி ஒரு சீட்டை எடுத்துச் செல்கிறார். அதில் "நம்பர்: 80, நிறம்: அரக்கு, சிட்டம்: இத்தனை" என்று எழுதியிருக்கிறது. நூல் கிடங்கின் குமாஸ்தா சீட்டைப் படித்து, அதற்கேற்ற நூலை எடுத்து வைக்கிறார். வினாக்குறிக்குப் பின்னால் வரும் வரியும் அத்தகைய ஒரு சீட்டேயாகும். எந்த இடத்துக்குப் போகவேண்டும் என்பதை முகவரியின் முற்பகுதி கூறுகிறது. போன இடத்தில் என்ன வேண்டும் என்பதைப் பிற்பகுதி கூறுகிறது. இப்பிற்பகுதியை இக்கட்டுரையில் வினாப் பகுதி என்று அழைப்போம்.

யுபிஐ வரியில் மட்டும் அன்றி, இணையப் பக்கங்களின் முகவரி யாவற்றிலும் இவ்வமைப்பு உண்டு. வினாக்குறி இட்டுத் தேடும் சொல்லை முகவரியோடு சேர்த்து அனுப்பும் வழக்கம் இணையத்தின் தொடக்க நாட்களிலேயே ஏற்பட்டுவிட்டது. 1994 டிசம்பரில் வெளிவந்த முகவரி விதிகளில் வினாப் பகுதிக்கு இடம் தரப்பட்டது. 2005 ஜனவரியில் அவ்விதிகள் திருத்தமாக மீண்டும் வகுக்கப்பட்டன. நமது சங்கங்கள் இப்போது தத்தம் சரக்குகளை இணையத்தில் காட்டவும் விற்கவும் முன்வருகின்றன. ஆதலால் இவ்வரி எவ்வாறு படிக்கப்படுகிறது, எதுவரையில் நம்பத்தக்கது என்பவற்றைக் காரியதரிசிகளும் நிர்வாகக் கமிட்டியாரும் அறிந்திருத்தல் அவசியம். பக்கத்தை அமைத்துக் கொடுப்பவர் வெளியார். நஷ்டம் நேர்ந்தால் அது சங்கத்துடையது.

உதாரணத்துக்காக ஒரு முகவரியை நாமே அமைத்துக்கொள்வோம். இணைய முகவரியின் ஈற்றில் ".இந்தியா" என்று தமிழிலேயே எழுதும் வசதி இப்போது இருப்பதால், முழுவதையும் தமிழில் எழுதுவதற்குத் தடையில்லை:

எங்கள்சங்கம்.இந்தியா/சேலை?ரகம்=பட்டு&நிறம்=அரக்கு&எண்ணிக்கை=2

இம்முகவரியைத் தொட்டதும், வாங்குவோரின் கைப்பேசியிலுள்ள உலாவி சங்கத்தின் கணினிக்கு ஆள் அனுப்பி, "சேலை" என்னும் பக்கத்தைக் கொண்டுவரச் சொல்கிறது. வினாப் பகுதியும் அவ்வாளோடு செல்கிறது. அங்கேயே அதைப் படித்து, அதற்கேற்ற பக்கத்தைத் தயாரித்து அனுப்புவது ஒரு முறை. மற்றொரு முறையில், சங்கத்தின் கணினி எல்லோருக்கும் ஒரே பக்கத்தை அப்படியே கொடுத்துவிடுகிறது. அப்பக்கத்தோடு கூடவே செல்லும் ஜாவாஸ்கிரிப்ட் என்னும் சிறு நிரல், வாங்குவோரின் கைப்பேசிக்குள் இருந்துகொண்டே முகவரியைப் படித்து, அரக்கு நிறப் பட்டுச் சேலைகளை மட்டும் முன்னால் எடுத்துக் காட்டுகிறது. 1995-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாட்களில் முதல் உருவம் கொடுத்த அம்மொழிதான் இன்று ஏறக்குறைய எல்லா உலாவிகளிலும் இயங்குகிறது.

சிறிய சங்கங்களுக்கு இந்த இரண்டாம் முறையில் ஒரு சௌகரியம் உண்டு. நூறு ரகங்களுக்கு நூறு பக்கம் எழுதவேண்டியதில்லை. ஒரே பக்கம் போதும். கணினி வாடகையும் குறைகிறது. விளைபொருள் விலைப் பட்டியலை வெளியிடும் விவசாயிகள் சங்கத்துக்கும் அப்படியே. "?பொருள்=மஞ்சள்" என்று ஒரு விவசாயிக்கும், "?பொருள்=நிலக்கடலை" என்று வேறொருவருக்கும் அனுப்பினால், இருவரும் ஒரே பக்கத்தில் தத்தமக்கு வேண்டிய வரியை நேரே காண்பார்கள்.

நிரல் எவ்வாறு படிக்கிறது? பக்கத்தின் முகவரியை உலாவி "லொகேஷன்" என்னும் பெயரில் வைத்திருக்கிறது. அதில் "சர்ச்" என்று கேட்டால், வினாக்குறி முதற்கொண்டு வரும் பகுதி மட்டும் கிடைக்கும். முன்னாட்களில் நிரல் எழுதுவோர் அதை உம்மைக்குறிதோறும் வெட்டி, பின்னர் சமக்குறிதோறும் வெட்டித் தாமே பிரித்துக்கொண்டார்கள். வெட்டும் கத்தி ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வொரு விதம். விவரத்துக்குள்ளேயே ஒரு சமக்குறி இருந்துவிட்டால் பாதி விவரம் காணாமற்போகும். இக்குறையை நீக்கும் பொருட்டு "யூஆர்எல்சர்ச்பாராம்ஸ்" என்னும் கருவி உலாவிகளிலேயே சேர்க்கப்பட்டது; 2016-இல் குரோமிலும், 2017-இல் சஃபாரியிலும், 2018-இல் எட்ஜிலும் அது வந்து சேர்ந்தது. இன்று புழங்கும் உலாவிகள் யாவற்றிலும் அது உண்டு. ஆகவே இப்போதும் ஒருவர் கையால் வெட்டிக்கொண்டிருந்தால், ஏன் என்று கேட்கலாம்.

அக்கருவியிடம் "கெட்" என்னும் கட்டளையோடு "நிறம்" என்று கேட்டால் "அரக்கு" என்று சொல்லும். முகவரியில் இல்லாத தலைப்பைக் கேட்டால் "இல்லை" என்னும் பொருளுள்ள "நல்" என்பதைத் தரும். தலைப்பு இருந்து விவரம் மட்டும் எழுதப்படாமல் இருந்தால் வெறுமையான எழுத்தைத் தரும். இவ்விரண்டும் ஒன்றல்ல. நிறத்தைப் பற்றிச் சீட்டில் ஒன்றுமே எழுதாதவருக்கு எல்லா நிறங்களையும் காட்டலாம். "நிறம்" என்று எழுதி வெறுமையாக விட்டவரிடம் எந்த நிறம் என்று கேட்கவேண்டும். ஒரே தலைப்பு இருமுறை வந்தால் "கெட்" முதலில் உள்ளதை மட்டும் எடுக்கும். எல்லாவற்றையும் பெற "கெட்ஆல்" என்று கேட்கவேண்டும். அரக்கும் வேண்டும், பச்சையும் வேண்டும் என்று கேட்கும் வாடிக்கையாளர் இருக்கத்தானே செய்வார்.

இங்கே கணக்கு எழுதுவோர் ஊன்றிக் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. முகவரியிலிருந்து கிடைப்பது எதுவாயினும் எழுத்தே, எண் அன்று. எண்ணிக்கை=2 என்பதிலுள்ள 2 என்பது நிரலின் கண்ணுக்கு "அ" என்னும் எழுத்தைப் போன்றதே. அதோடு வேறொரு சேலையைக் கூட்டச் சொன்னால், 2-உம் 1-உம் சேர்ந்து 3 ஆவதற்குப் பதில், பக்கத்தில் பக்கம் நின்று 21 ஆகிவிடும். ஆகையால் முதலில் எண்ணாக மாற்றவேண்டும். மாற்றும்போதும் இடர்கள் உண்டு. வெறுமையான எழுத்தை "நம்பர்" என்னும் கட்டளையால் மாற்றினால் சுழியம் வரும். 1,500 என்று நாம் வழக்கமாகக் காற்புள்ளியிட்டு எழுதுவதை அக்கட்டளை எண்ணல்ல என்று தள்ளிவிடும். தள்ளினால் பாதகமில்லை, தவறு உடனே தெரிந்துவிடும். "பார்ஸ்இன்ட்" என்னும் மற்றொரு கட்டளையோ, காற்புள்ளி வரையில் படித்து, 1 என்று எடுத்துக்கொண்டு, ஒன்றும் நடவாததுபோல் மேலே செல்லும். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் ஒரு ரூபாயாகும் வழி இதுவே. அமைத்துக் கொடுப்பவரிடம் எந்தக் கட்டளையைக் கையாளுகிறீர் என்று கேட்பதற்கு நிரல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. முகவரியில் 1,500 என்று எழுதித் திறந்து பார்த்தால் தானே தெரியும்.

இனி எழுத்துக்களின் பயணத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். இது சற்றே நீளும். ஆயினும் தமிழில் பெயர் வைத்துக்கொள்ளும் நமக்கு இது தேவை.

முகவரி விதிகள் ஏற்பட்டபோது ஆங்கில எழுத்துக்களும் எண்களும் சில குறிகளுமே கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டன. அவற்றுக்கு அப்பாற்பட்ட எழுத்து எதுவாயினும், விழுக்காட்டுக் குறியும் அதன்பின் இரண்டு அடையாளங்களும் கொண்ட துண்டுகளாக மாறித்தான் வழிப்போக வேண்டும். தமிழின் ஒவ்வோர் அலகும் இவ்விதம் மூன்று துண்டுகளாகிறது. அதாவது ஒன்பது அடையாளங்கள். அதிலும் "பு" என்பதைக் கணினி ஓரெழுத்தாகக் கொள்வதில்லை. பகரம் ஓர் அலகு, உகரக் குறி ஓர் அலகு. இப்படிப் பார்த்தால் புளியந்தோப்பு என்னும் ஏழெழுத்துச் சொல்லில் பதின்மூன்று அலகுகள் உள்ளன. வழிப்போகும்போது அது 117 அடையாளங்களாகிறது! உலாவியின் மேற்பட்டையில் அழகாகத் தமிழில் தெரிந்த முகவரியை எடுத்து வாட்ஸாப்பில் இட்டால், விழுக்காட்டுக் குறிகள் நிறைந்த நீண்ட வால் ஒன்று வந்து விழுவதை அங்கத்தினர்கள் பார்த்திருப்பார்கள். அது பழுது அன்று; வழிப்பயணத்துக்கான உடை. சேருமிடத்தில் முன்சொன்ன கருவி அவ்வுடையைக் கழற்றி மீண்டும் தமிழாகவே தரும். ஆனால் முகவரியைக் கட்டப் படமாக அச்சிடுவதாயின், எழுத்து மிகமிகக் கட்டங்கள் நெருங்கிச் சிறுத்துப்போகும். பழைய கைப்பேசியால் படிக்க இயலாமற்போகவும் கூடும். அச்சடிக்கும் முகவரியில் தலைப்புகளைக் குறுகலாக வைத்துக்கொள்வது சிலாக்கியம்.

அதனினும் தொல்லை தருவது உம்மைக்குறி. புளியந்தோப்புக்கு அருகே பெரம்பூர் பாரக்ஸ் சாலையில் பல்லாண்டுகள் இயங்கி, 1996-இல் மூடப்பட்ட பெரிய ஆலையின் பெயரை நினைவுகூர்வோம். பக்கிங்ஹாம் ஆலையும் கர்நாடிக் ஆலையும் 1920-இல் ஒரே கம்பெனியாக இணைந்தன. அன்று முதல் "பி & சி மில்" என்றே ஊரார் வாயில் வழங்கியது. அதன் காக்கித் துணியை அறியாதார் இல்லை. இன்றும் வடசென்னைக் குடும்பங்களில், "எங்கள் பாட்டனார் பி அண்டு சி-யில் தறி ஓட்டியவர்" என்று சொல்லக் கேட்கலாம். இப்பெயரை அப்படியே முகவரியில் எழுதினால் என்னவாகும் என்று பார்ப்போம்:

எங்கள்சங்கம்.இந்தியா/துணி?ஆலை=பி&சி&ரகம்=காக்கி

நாம் கருதியது இரண்டு குறிப்புகள். கருவி படிப்பதோ மூன்று. "ஆலை" என்பதற்கு விவரம் "பி" என்றும், "சி" என்பது விவரமில்லாத தனித்தலைப்பு என்றும், "ரகம்" என்பதற்குக் "காக்கி" என்றும் எடுத்துக்கொள்ளும். இணைந்த ஆலைகள் இரண்டையும் ஒரே குறி மீண்டும் பிரித்துவிடுகிறது. கருவி செய்தது குற்றம் அன்று. உம்மைக்குறியைக் கண்ட இடத்தில் பிரிக்க வேண்டும் என்பதுதான் விதி. பெயருக்குள் வரும் உம்மைக்குறிக்கும் வழியுடை அணிவித்து, விழுக்காட்டுக் குறியோடு அனுப்பியிருக்க வேண்டும். முகவரியைக் கையால் ஒட்டவைக்காமல், படிப்பதற்கு உதவும் அதே கருவியைக்கொண்டு எழுதவும் செய்தால் உடையை அதுவே அணிவித்துவிடும். "அண்ட் கோ", "அண்ட் சன்ஸ்" என்று குறியிட்டுப் பெயர் வைத்துள்ள நூல் வியாபாரிகளோடு கொள்முதல் செய்யும் சங்கங்கள் இதை மறவாதிருத்தல் நலம்.

கூட்டல் குறியும் அப்படியே. பழைய வழக்கம் ஒன்றின்படி வினாப் பகுதியில் கூட்டல் குறி என்பது சொற்களுக்கிடையே விடும் வெற்றிடத்தைக் குறிக்கும். +91 என்று தொடங்கும் கைப்பேசி எண்ணை உடை அணிவிக்காமல் எழுதினால், கூட்டல் குறி மறைந்து, அவ்விடத்தில் ஒரு வெற்றிடம் வந்து நிற்கும். அங்கத்தினருக்குச் செல்லவேண்டிய தகவல் ஏன் போய்ச்சேரவில்லை என்று காரியாலயத்தில் பலநாள் தேட நேரிடும்.

இதுவரை கூறியவை படிக்கும் முறையைப் பற்றியவை. நம்பும் முறை வேறு. இதிலேதான் சங்கத்தின் பணம் இருக்கிறது.

முன்சொன்ன நூல் கிடங்குக்கு மீண்டும் போவோம். நெசவாளி கொண்டுவந்த சீட்டில் நம்பரும் நிறமும் எழுதியிருப்பதோடு, "இதற்குரிய விலை பத்து ரூபாய்" என்றும் எழுதியிருந்தால் குமாஸ்தா என்ன செய்வார்? சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தமது விலைப் புத்தகத்தைப் புரட்டுவார். வேண்டியது இன்னது என்று கேட்கச் சீட்டுக்கு உரிமை உண்டு. விலையைத் தீர்மானிக்க உரிமை இல்லை. இது கிடங்கில் எல்லோருக்கும் தெரிந்த நியாயம். இணையப் பக்கத்தில் மட்டும் இதை எளிதாக மறந்துவிடுகிறார்கள். "?ரகம்=பட்டு&விலை=6500&தள்ளுபடி=20" என்று முகவரியிலேயே விலையையும் பண்டிகைத் தள்ளுபடியையும் எழுதிவைத்து, நிரல் அதைப் படித்துத் தொகை கணக்கிட்டு, அத்தொகையையே பணம் பெறும் வரிக்கு அனுப்பினால், வாங்குபவர் முகவரியில் 20 இருந்த இடத்தில் 90 என்று மாற்றி எழுதினால் போதும். பூட்டு உடைக்க வேண்டியதில்லை, மந்திரம் ஓத வேண்டியதில்லை. விசைப்பலகையைத் தட்டத் தெரிந்தால் போதும்.

"நிரலிலேயே ஒரு சோதனை வைத்துவிட்டோம்; 20-க்கு மேல் போனால் மறுத்துவிடும்" என்று சமாதானம் கூறுவார்கள். நிரல் இயங்குவது எங்கே? வாங்குவோரின் கைப்பேசியில். அவர் வீட்டில் நமது காவலாளியை நிறுத்தியிருக்கிறோம். அவர் விரும்பினால் காவலாளியை உறங்க வைக்கலாம். ஆகவே கைப்பேசியில் வைக்கும் சோதனை, நேர்மையாளர் தவறி எழுதினால் எடுத்துக்காட்டும் உதவியே தவிர, களவுக்குத் தடை ஆகாது. விலையும் தள்ளுபடியும் இருப்பும் சங்கத்தின் சொந்தக் கணினியிலுள்ள புத்தகத்திலிருந்தே வரவேண்டும்; தொகை அங்கேயே கணக்கிடப்படவேண்டும். முகவரி "எந்தச் சேலை, எத்தனை" என்பதோடு நிற்கவேண்டும். தள்ளுபடியால் ஏற்படும் குறைவை அரசாங்கத்திடம் கேட்டுப் பெறும் சங்கத்தார், அனுமதிக்கப்பட்ட விகிதத்துக்கு மேற்பட்ட தள்ளுபடிக்கு யாரிடமும் போய் நிற்க இயலாது. அது பங்குதாரராகிய நெசவாளிகள் அனைவர் தலையிலும் விழும்.

கடைத்தெரு அட்டையின் வரலாறும் இதையே காட்டுகிறது. இரவில் கடை மூடிய பின் ஒருவன் வந்து, கடைக்காரரின் கட்டப் படத்தின்மேல் தன்னுடைய கட்டப் படத்தை ஒட்டிவிட்டுப் போனால், மறுநாள் முழுதும் பணம் அவனுக்குச் செல்லும். வினாப் பகுதியில் "பிஎன்" என்னும் இடத்தில் அவன் கடையின் பெயரையே எழுதியிருப்பான். எழுதுவதை யார் தடுப்பது? பண முகவரி மட்டும் அவனுடையது. 2018 ஆகஸ்டில் வெளிவந்த யுபிஐ-யின் இரண்டாம் பதிப்பில், வரியின் உண்மையைச் சோதிக்க உதவும் மின்னணுக் கையொப்பத்தையும் அதில் சேர்க்கும் வழி செய்யப்பட்டது. சீட்டில் காரியதரிசியின் முத்திரை இருந்தால் குமாஸ்தா நம்புவதைப் போன்றது இது. பின்னர் இந்தியத் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகத்தார், அட்டையில் எழுதியிருக்கும் பெயரைக் காட்டாமல், பணம் பெறுவோரின் வங்கியிலுள்ள பெயரையே அனுப்புவோருக்குக் காட்டவேண்டும் என்று செயலிகளுக்கு உத்தரவிட்டார்கள். 2025 ஜூன் 30-க்குள் அது நடைமுறைக்கு வரவேண்டும் என்று நாளும் குறித்தார்கள். பெயருக்குச் சீட்டைப் பாராதே, பேரேட்டைப் பார் என்பதுதான் அவ்வுத்தரவின் சாரம். கடைக்காரர்களோ இதைத் தம் வழியில் முன்பே கண்டுகொண்டார்கள் என்று சொல்லவேண்டும்: வாடிக்கையாளர் நீட்டும் திரையைப் பாராமல், "இத்தனை ரூபாய் பெறப்பட்டது" என்று கூவும் சிறு ஒலிப்பெட்டிக்கே அவர்கள் செவி சாய்க்கிறார்கள்.

விலையைத் தொடாமலே தீங்கு செய்யும் வழி ஒன்றும் உண்டு. "?பெயர்=இன்னார்" என்று முகவரியில் வந்தால், பக்கத்தின் தலையில் "வருக, இன்னார் அவர்களே" என்று காட்டுவது பலருக்கு விருப்பம். அப்பெயரை வெறும் எழுத்தாக இடுவதற்கு "டெக்ஸ்ட்கன்டென்ட்" என்னும் வழி இருக்கிறது. பக்கத்தின் அமைப்பாகவே ஏற்றுக்கொள்ளும் "இன்னர்எச்டிஎம்எல்" என்னும் வழியும் இருக்கிறது. பின்னதைக் கையாண்டால், பெயருக்குப் பதிலாக ஒரு நிரலையே முகவரியில் எழுதி அனுப்பும் வஞ்சகன், அதைச் சங்கத்தின் பக்கத்துக்குள் நுழைத்து இயங்கச் செய்யலாம். அந்த முகவரியின் தொடக்கத்தில் சங்கத்தின் உண்மையான பெயரே இருக்கும். "நம் சங்கத்து முகவரிதானே" என்று நம்பி அங்கத்தினர் திறப்பார். திரையில் போலியான படிவம் ஒன்று தோன்றி இரகசிய எண்ணைக் கேட்கும். "?திரும்பு=" என்னும் தலைப்பில் வேறொரு முகவரியை எழுதினால் அங்கே கொண்டுபோய் விடும் பக்கங்களிலும் இதே அபாயம் உண்டு. போகத்தக்க இடங்களை முன்கூட்டியே பட்டியலிட்டு, அப்பட்டியலில் இல்லாத முகவரியை ஏற்காதிருப்பதே அதற்கு மருந்து.

எதை வினாப் பகுதியில் எழுதவே கூடாது என்பதையும் சொல்லிவிடவேண்டும். அங்கத்தினரின் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், கடன் பாக்கி, இரகசிய எண் ஆகியவை அங்கே வரலாகாது. முகவரி என்பது மடித்து ஒட்டிய உறை அன்று. திறந்த தபால் கார்டு. வழியில் அது மறைகுறியால் காக்கப்பட்டாலும், போய்ச்சேரும் கணினியின் வருகைப் பதிவேட்டில் முழுதாக எழுதப்படுகிறது; உலாவியின் பழைய வரலாற்றில் தங்குகிறது; ஒருவர் மற்றொருவருக்கு வாட்ஸாப்பில் அனுப்பும்போது அப்படியே போகிறது. ஒரு வீட்டில் ஒரே கைப்பேசியைத் தந்தையும் மகளும் மருமகனும் கையாளுவது நம்மிடையே சாதாரணம். வினாக்குறிக்குப் பதிலாக "#" என்னும் குறிக்குப் பின்னால் எழுதினால், அப்பகுதி சங்கத்தின் கணினிக்கு அனுப்பப்படாமல் கைப்பேசியிலேயே நின்றுவிடும் என்பது உண்மைதான். ஆயினும் வரலாற்றிலும் வாட்ஸாப்பிலும் அதுவும் இருக்கும். ஆதலின் இரகசியத்துக்கு அதுவும் உதவாது.

குற்றமில்லாத பயன் ஒன்றும் உண்டு. தீபாவளி விளம்பரத்தில் அச்சிடும் கட்டப் படத்தில் "?வழி=நாளிதழ்" என்றும், விற்பனை நிலையத்து வாசலில் ஒட்டும் படத்தில் "?வழி=பலகை" என்றும் எழுதிவைத்தால், எந்த விளம்பரம் எத்தனை பேரை அழைத்துவந்தது என்று மாத முடிவில் கணக்கிடலாம். பெரிய வியாபாரிகள் "யுடிஎம்" என்னும் தலைப்புகளால் செய்வது இதையே. இதை யாராவது மாற்றி எழுதினாலும் நமக்கு ஒரு காசும் நஷ்டமில்லை என்பதால், இத்தகைய காரியங்களுக்கு வினாப் பகுதி மிகப் பொருத்தமானது.

பக்கம் அமைத்துக் கொடுத்தவருக்குப் பணம் பட்டுவாடா செய்யுமுன், காரியதரிசியும் கமிட்டியார் இருவரும் ஒரு கைப்பேசியோடு அரைமணி நேரம் உட்கார்ந்தால் போதும். முகவரியில் எண்ணிக்கையை அழித்துவிட்டுத் திறந்து பாருங்கள். பிறகு அவ்விடத்தில் 0 என்றும், -3 என்றும், "ஐந்து" என்று எழுத்தாலும் எழுதித் திறவுங்கள். நூல் வியாபாரியின் பெயரை உம்மைக்குறியோடு எழுதுங்கள். தலைப்பு ஒன்றை இருமுறை எழுதுங்கள். இறுதியாக, விலை என்றோ தள்ளுபடி என்றோ ஒரு தலைப்பை நீங்களே சேர்த்து, தொகையில் ஏதேனும் அசைவு தெரிகிறதா என்று கவனியுங்கள். தெரிந்தால் பில்லில் கையெழுத்திட வேண்டாம்.